மார்ஷல் பெயரில் ஒரு மளிகைப் பற்று

எங்கே போர் ஓய்ந்தாலும், சில இடங்களில் ஓய்வதற்கு முன்பே, ஒரு பெயர் வந்து நிற்கிறது: மார்ஷல் திட்டம். 2003இல் இராக்குக்குச் சொன்னார்கள். 2022 ஜூனில் ஜெர்மனியின் சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் உக்ரைனுக்குச் சொன்னார். காசாவுக்கும் சொல்கிறார்கள். பெயரைச் சொல்லி முடித்ததும் நீட்டப்படும் தாளில் இருப்பது பெரும்பாலும் வேறு: எங்கள் அரசு வங்கி உங்களுக்குக் கடன் தரும், அந்தக் கடனில் எங்கள் நாட்டுச் சரக்கை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தவணையில் கட்டுங்கள். நம் ஊரில் இதற்குப் பற்றுக் கணக்கு என்று பெயர். மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிவைப்பாரே, அதுதான். பற்று வைப்பது குற்றமில்லை. அதற்கு மார்ஷல் என்று பெயர் சூட்டுவதில்தான் எனக்குச் சண்டை.

எதிர்த் தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். போரில் சிதைந்த நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. ஆலை ஓடினால்தான் ஏற்றுமதி. ஏற்றுமதி நடந்தால்தான் செலாவணி. செலாவணி இருந்தால்தான் ஆலைக்கு இயந்திரம். இந்த வட்டத்தை உள்ளேயிருந்து உடைக்க முடியாது. தனியார் வங்கிகள் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்காது. இன்னொரு பக்கம், போர் தீண்டாத நாட்டில் ஆலைகள் முழு மூச்சாக ஓடிப் பழகியிருக்கின்றன; வாங்கத்தான் ஆள் வேண்டும். அரசு நடுவில் நின்று கடனோ, கடனுக்கு உத்தரவாதமோ கொடுத்தால் இங்கே வேலை நிலைக்கும், அங்கே பாலமும் மின்நிலையமும் எழும். எழுந்தவை சம்பாதிக்கும், சம்பாத்தியத்தில் கடன் அடையும். இருவருக்கும் லாபம். சான்று கேட்டால், 1948க்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பாருங்கள் என்கிறார்கள்.

இதில் பாதி சரி. செலாவணிப் பஞ்சம் உண்மை. தனியார் வங்கி வராது என்பதும் உண்மை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இலேயே பிரிட்டன் ஏற்றுமதிக் கடனுக்கென்று தனித் துறை தொடங்கியதற்கு அதுவே காரணம். கோளாறு மீதிப் பாதியில் இருக்கிறது.

1. சான்றாகக் காட்டப்படும் வரலாறே தலைகீழ்.

ஏற்றுமதிக் கடன் ஐரோப்பாவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அது 1948இல் அல்ல, 1945இல். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று அமெரிக்க எக்சிம் வங்கியின் கடன் வரம்பை 70 கோடி டாலரிலிருந்து 350 கோடி டாலராக உயர்த்திச் சட்டம் வந்தது. 1934இல் அந்த வங்கி தொடங்கப்பட்டதே அமெரிக்கச் சரக்கை வெளியே விற்கத்தான். அதனிடம் பிரான்ஸ் 1945 டிசம்பரில் 55 கோடி டாலர் வாங்கியது. 1946 மே மாதம் இன்னொரு 65 கோடி. இந்த இரண்டாம் கடனுக்காக வாஷிங்டன் போன லியோன் ப்ளூம், பிரான்ஸின் முன்னாள் பிரதமர், கையெழுத்திட்ட உடன்படிக்கையில் சினிமாவும் ஏறிக்கொண்டது. பிரெஞ்சுத் திரையரங்குகளில் மூன்று மாதத்துக்கு நான்கு வாரம்தான் உள்நாட்டுப் படங்களுக்கு ஒதுக்கீடு. மற்ற வாரங்கள் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன. நிலக்கரிக்கும் கோதுமைக்கும் கடன் கேட்கப் போனவர் ஹாலிவுட்டுக்குக் கொட்டகையைத் திறந்துவிட்டுத் திரும்பினார். கடன் கொடுப்பவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு இப்படித்தான் போகும்.

பிரிட்டன் கதை இன்னும் கசப்பு. ஜப்பான் சரணடைந்த சில நாட்களில், 1945 ஆகஸ்டில், போர்க்காலத்தில் கைப்பணம் கேட்காமல் அனுப்பிவந்த 'லெண்ட் லீஸ்' சரக்கை அமெரிக்கா நிறுத்தியது. கடன் பேசப் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் அனுப்பப்பட்டார். ஹிட்லரை முதலில் எதிர்த்து நின்ற நாடு என்பதால் மானியமாகவே கிடைக்கும் என்று நம்பிப் போனவர், டிசம்பரில் கடனோடு திரும்பினார்: 375 கோடி டாலர், 2 விழுக்காடு வட்டி, 50 ஆண்டுத் தவணை. கனடா 125 கோடி டாலர் சேர்த்துக் கொடுத்தது. வட்டி குறைவுதான். ஆனால் நிபந்தனை ஒன்று இருந்தது. கடன் அமலுக்கு வந்து ஓராண்டு ஆனதும், வணிகத்தில் பவுண்டு ஈட்டிய எவர் கேட்டாலும் பிரிட்டன் அதற்கு டாலர் மாற்றித் தர வேண்டும். பவுண்டு வட்டாரச் சந்தை அமெரிக்கச் சரக்குக்குத் திறக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

1947 ஜூலை 15 அன்று பிரிட்டன் சொன்னபடி டாலர் கவுண்டரைத் திறந்தது. உலகமே வரிசையில் வந்து நின்றது. ஆகஸ்ட் 20 அன்று கவுண்டர் மூடப்பட்டது. ஐந்து வாரம். பல ஆண்டுகளுக்கு வரும் என்று வாங்கிய கடன் அந்தக் கோடையில் கரைந்து போனது. அதற்கு முன்பே, 1946இல் அமெரிக்காவில் விலைக் கட்டுப்பாடு தளர்ந்ததால் விலைகள் ஏறி, அதே டாலருக்குக் குறைந்த சரக்கே வந்துகொண்டிருந்தது. கடன் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில். போர் நடந்த ஆறு ஆண்டிலும் ரேஷனுக்குள் போகாத ரொட்டி பிரிட்டனில் ரேஷனுக்குள் போனதும் அதே ஜூலையில்தான்.

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் இந்த உதவியை முன்மொழிந்து ஹார்வர்டில் பேசியது 1947 ஜூன் 5 அன்று. சட்டம் 1948 ஏப்ரலில் வந்தது. நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர். அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மானியம். அமெரிக்க நாடாளுமன்றம் திடீரென்று வள்ளலாகிவிடவில்லை. கம்யூனிஸ்ட் அச்சம் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் உதவி ஏன் கடனாக இல்லாமல் மானியமாக வந்தது? முந்தைய இரண்டு ஆண்டுக் கடன்கள் என்ன ஆயின என்பதை வாஷிங்டன் கண்ணால் பார்த்துவிட்டது, அதனால்தான். ஏற்றுமதிக் கடன் தோற்ற இடத்தில், அதற்கு மாற்றாக வந்ததே மார்ஷல் திட்டம். தோற்றுப்போனதை விற்பதற்கு, வென்றதன் பெயர் ஒட்டப்படுகிறது.

2. திருப்பிக் கட்டுவது என்றால், எதை விற்று?

கடன் டாலரில். அதில் எழும் ரயில் பாதை சம்பாதிப்பது உள்ளூர் நாணயத்தில். ரயில் கட்டணத்தை எத்தனை மூட்டை வசூலித்தாலும் அது டாலர் ஆகாது. டாலர் வேண்டுமென்றால் டாலர் உள்ளவனுக்கு எதையாவது விற்க வேண்டும். அதாவது, கடன் கொடுத்த நாடு வாங்க முன்வர வேண்டும். ஏற்றுமதியை வளர்ப்பதற்காகக் கடன் கொடுத்த நாடு இறக்குமதி செய்ய ஆசைப்படுமா?

இது ஏட்டுச் சந்தேகம் இல்லை. ஒருமுறை முழுதாக நடந்து முடிந்த கதை. முதல் போருக்குப் பின் ஜெர்மனி பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் அமெரிக்காவுக்குப் போர்க்கடன் கட்ட வேண்டியிருந்தது. இழப்பீட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய 1924இன் டாஸ் திட்டத்துக்குப் பிறகு அமெரிக்க முதலீட்டாளர்கள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தார்கள். ஜெர்மனி அதில் இழப்பீடு கட்டியது. அதை வாங்கியவர்கள் அமெரிக்காவுக்குக் கட்டினார்கள். ஒரே பணம் அட்லாண்டிக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அமெரிக்கா 1922இல் ஒருமுறையும் 1930இல் மறுமுறையும் சுங்கவரியை ஏற்றி, கடன்காரர்கள் சரக்கை விற்றுப் பணம் சம்பாதிக்கும் கதவைச் சாத்தியது. 1931இல் அமெரிக்க அதிபர் ஹூவர் இந்த எல்லாத் தவணைகளையும் ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார். அந்த ஓராண்டு முடிந்த பிறகு கடைசிவரை ஒழுங்காகக் கட்டியவர் என்று சொல்லிக்கொள்ள பின்லாந்து மட்டுமே மிஞ்சியது.

மார்ஷல் திட்டத்தை வகுத்தவர்கள் இந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். 1950இல் ஐரோப்பியக் கொடுக்கல் வாங்கல் ஒன்றியம் அமைந்தபோது அமெரிக்கா அதற்கு 35 கோடி டாலர் மூலதனம் போட்டது. அந்த ஒன்றியத்தின் சாரம் என்ன? ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் தடையைத் தளர்த்திக்கொள்ளும். அமெரிக்கச் சரக்கின் மீதான தடையை வைத்துக்கொள்ளும். தன் சரக்குக்கு எதிரான பாகுபாட்டுக்குத் தானே முதல் போட்டது அமெரிக்கா! முக்கிய ஐரோப்பிய நாணயங்களைத் தடையின்றி டாலராக மாற்றும் நிலை வந்தது 1958 இறுதியில்தான். பத்து ஆண்டுகள் பொறுத்தார்கள். தன் ஏற்றுமதி குறைவதை ஏற்றுக்கொண்டு அடுத்தவனை நிமிர்த்திவிட்ட ஏற்பாட்டை, ஏற்றுமதி ஆதரவுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். சொல்பவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்பதுதான் வியப்பு.

3. தவணைக்கு வந்த மாடு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, தவணைக்கு வந்தது. பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். கடன் தந்த நாட்டிலேயே வாங்கு என்று கட்டிப்போட்டால் சரக்கின் விலை 15 முதல் 30 விழுக்காடு வரை கூடுகிறது என்பது வளர்ச்சி உதவி ஆய்வுகளில் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. வேறு கடைக்குப் போகாதவனிடம் எந்தக் கடைக்காரர் விலை குறைப்பார்? வட்டியில் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் சலுகை, விலைச்சீட்டில் திரும்பி வந்துவிடுகிறது.

மார்ஷல் திட்டமும் சுத்தத் தங்கம் இல்லை. சரக்கில் பாதி அமெரிக்கக் கொடிக் கப்பல்களில் போக வேண்டும் என்று சட்டம் சொன்னது. கோதுமையில் ஒரு பங்கை மாவாகவே அனுப்ப வேண்டும் என்று மாவு ஆலைக்காரர்கள் எழுதவைத்தார்கள். பசித்த ஐரோப்பாவுக்குப் புகையிலையும் கப்பலேறியது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே திட்டத்தின் பணத்தில் கனடாவிலும் தென் அமெரிக்காவிலும் வாங்க இடம் இருந்தது. பெரும் பகுதி மானியம் என்பதால், விலை கூடினாலும் அது கடனாகத் தலையில் ஏறவில்லை. கட்டையும் போட்டு, கடனையும் ஏற்றுவது அதற்குப் பின்வந்தவர்களின் திறமை.

4. கொடுத்தவருக்கு லாபம் என்பதை இந்தியாவிடம் கேளுங்கள்.

ஏற்றுமதி செய்தாலே லாபம், பணம் பிறகு வந்தாலும் சரி என்ற நம்பிக்கை ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. வேலை கிடைத்தது, ஆலை ஓடியது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முழுக்க இந்தியா அப்படித்தான் ஏற்றுமதி செய்தது. துணி, சணல், தோல், தானியம், படைக்கு வேண்டிய எல்லாம் போனது. விலையாக லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு எழுதப்பட்டது. இங்கே ரிசர்வ் வங்கி அந்த வரவைக் காட்டி ரூபாய் நோட்டு அடித்தது. சரக்கு வெளியே போக, நோட்டு உள்ளே பெருக, விலை ஏறியது. 1943இல் வங்கத்தில் பஞ்சம். போர் முடிந்தபோது லண்டன் நமக்குத் தர வேண்டியது சுமார் 130 கோடி பவுண்டு. உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, பேரரசுக்குக் கடன் கொடுத்தவராக நின்றது.

பணம் வந்ததா? முதலில் முடக்கிவைத்தார்கள். மேலே சொன்ன 1945 ஆங்கிலோ அமெரிக்க உடன்படிக்கையில், இத்தகைய வரவுகளில் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவர்களே தள்ளுபடி செய்ய எதிர்பார்க்கும் ஏற்பாடு எழுதப்பட்டிருந்தது. கெய்ன்ஸ் தமக்கு மானியம் கேட்ட அதே மேசையில், இந்தியாவும் எகிப்தும் விட்டுக்கொடுக்கும் என்று கணக்குப் போடப்பட்டது. இந்தியா ஒப்பவில்லை. ஆனாலும் 1948இல் பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியப் பொறுப்புக்காகவும், விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்காகவும் ஒரு பெரும் பகுதி கழிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80க்கு இறங்கியது, மிச்சமிருந்த வரவின் டாலர் மதிப்பு ஒரே நாளில் 30 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் நடுவில் கையிருப்பு வற்றிவிட, 1958இல் இந்தியாவுக்கு உதவ உலக வங்கி நாடுகளின் கூட்டத்தைக் கூட்டும் நிலை வந்தது. அதே ஆண்டு ஜப்பான் தன் முதல் யென் கடனை, 1,800 கோடி யென், தன் எக்சிம் வங்கி வழியாக இந்தியாவுக்குக் கொடுத்தது. தோற்ற நாடு கடன் கொடுக்கிறது. வென்ற பக்கம் நின்று கடன் கொடுத்த நாடு வாங்குகிறது. கடனுக்கு ஏற்றுமதி செய்வதே செல்வம் என்றால், 1945இல் இந்தியாவைவிடச் செல்வந்தர் யார்?

5. ஜெர்மனியைக் காட்டாதீர்கள், காட்டினால் முழுதாகக் காட்டுங்கள்.

மேற்கு ஜெர்மனியில் மார்ஷல் உதவியாக இயந்திரம் வந்தபோது, அதை வாங்கிய ஜெர்மானிய முதலாளி விலையை மார்க்கில் கட்டினார். அந்த மார்க் அமெரிக்காவுக்குப் போகவில்லை. உள்நாட்டிலேயே ஒரு நிதியாகச் சேர்ந்தது. 1948இல் பிராங்க்பர்ட்டில் தொடங்கிய மறுகட்டுமான வங்கியான கே.எஃப்.டபிள்யூ அதை மறுபடி மறுபடி கடனாக விட்டது. அந்த வங்கி இன்றும் நடக்கிறது. அதாவது தவணை கட்டினார்கள், தங்களுக்கே கட்டிக்கொண்டார்கள். 1953 பிப்ரவரியில் லண்டன் உடன்படிக்கை ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடன்களைச் சுமார் பாதியாக வெட்டியது. வெட்ட ஒப்புக்கொண்டவர்களில், ஜெர்மானியப் படை சூறையாடிய கிரீஸும் உண்டு. இந்த இரண்டையும் மறைத்துவிட்டு ஜெர்மன் அதிசயம் பேசுவது, சமையலில் அடுப்பை மறைத்துவிட்டுப் பாத்திரத்தைப் புகழ்வது போன்றது.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். உள்நாட்டுப் போர் முடிந்த 2009க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் இந்தியா இரண்டு வழியில் இறங்கியது. ஒன்று, இந்திய எக்சிம் வங்கிக் கடன். ரயில் துறைக்கு மட்டும் சுமார் 80 கோடி டாலர். இந்த வங்கியின் இத்தகைய கடன்களில் பொதுவாக 75 விழுக்காடு பொருளும் பணியும் இந்தியாவிலிருந்தே போக வேண்டும். பாதையைப் போட்டதும் இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கான்தான். 1990இல் நின்ற யாழ்தேவி 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம் திரும்பியது. அந்த ரயிலைக் குறை சொல்ல மாட்டேன்; 24 ஆண்டுகள் தண்டவாளமே இல்லாமல் இருந்த ஊருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதே 1990இல் மூடிய காங்கேசன்துறை சிமெண்டு ஆலை, பாதை அந்த ஊரை எட்டியபோதும் மூடியே கிடந்தது. வடக்கை மறுபடி கட்டிய காலத்தில் வடக்கின் சிமெண்டு ஆலைக்கு வேலை இல்லை. மறுகட்டுமானம் யாருடைய ஆலையை ஓட்டியது என்று கேட்டால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொன்று 50,000 வீட்டுத் திட்டம். அது மானியம். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாக வங்கிக் கணக்கில் போடப்பட்டது. வீட்டுக்காரரே கொத்தனாரைப் பிடித்து, மணலும் கல்லும் வாங்கிக் கட்டிக்கொண்டார். தொகை போதவில்லை என்ற மனக்குறை எழுந்தது, நியாயம்தான். ஆனாலும் பணம் கிளிநொச்சிக் கடைத்தெருவில் புரண்டது. ஒரே நாடு, ஒரே நேரத்தில், இரண்டு முறைகளிலும் செய்து காட்டியிருக்கிறது. மார்ஷலுக்கு அருகில் வருவது எது என்று வாசகரே சொல்லட்டும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தபோது, கொழும்பின் கணக்குப் புத்தகத்தில் ரயில் பாதை இருந்தது; அந்த வீடுகள் இல்லை. அதற்குப் பின் கடன் கொடுத்த அரசுகள் தவணையை நீட்டின, வட்டியைக் குறைத்தன. அசலை வெட்டவில்லை. 1953 லண்டனை யாரும் நினைவுகூரவில்லை.

அப்படியானால் அரசுகள் ஏற்றுமதிக் கடனே கொடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கட்டும். அதை வணிக அமைச்சகத்தின் கணக்கில் எழுதட்டும். நம் ஆலைகளுக்கு ஆர்டர் பிடித்தோம் என்று நேர்மையாகச் சொல்லட்டும். வாங்குபவரும் வேறு நாலு கடையில் விலை விசாரித்துவிட்டு வாங்கட்டும். போரில் வீடிழந்தவர்களின் பெயரில் எழுதப்படும் பணம் மட்டும் மானியமாக இருக்கட்டும். அவர்கள் ஊரிலேயே செலவாகட்டும். அந்த ஊர் விளைவிப்பதையும் செய்வதையும் கொடுத்த நாடு வரியின்றி வாங்கிக்கொள்ளட்டும். மூன்றில் கடைசியைக் கேட்டால்தான் உதவி பேசுபவர்களின் குரல் கம்முகிறது.

1946இன் அந்தப் பிரிட்டிஷ் கடன் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பேசி முடித்த கெய்ன்ஸ், அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே, 1946 ஏப்ரலில் இறந்துபோனார். 50 தவணையில் முடிய வேண்டிய கடனில் ஆறு ஆண்டுகள் கட்ட முடியாமல் தள்ளிப்போடப்பட்டன. பிரிட்டன் கடைசித் தவணையைக் கட்டியது 2006 டிசம்பர் 29 அன்று.